பலகையோடு கோயிலுக்கு

எந்த வாசலுக்குப் போனாலும் அக்கா முதலில் குனிந்து படியைச் சாண் போட்டுப் பார்த்துவிடுவார். வங்கியானாலும் சரி, பல் டாக்டர் வீடானாலும் சரி. "ஒரு சாண்தான், ஏறிடும்" என்று கையை உதறிக்கொண்டு நிமிர்வார். எங்கள் தெருவில் அவருக்கு லோடு ஆட்டோ அக்கா என்று பெயர். அது அவர் கணவர் ஓட்டிய வண்டி. ஒரு விபத்தில் கணவருக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு போன பிறகு அக்கா ஓட்டுகிறார்.

பீரோ, பிரிட்ஜ், எதுவானாலும் நீளப் பலகை ஒன்றைச் சாய்த்து வைத்துத் தனியாளாக ஏற்றிவிடுவார். உதவ நினைத்து நெருங்கினால் திட்டு விழும். "கையை எடுங்க, பலகை பாத்துக்கும்." பின்னால் ஹாரன் அடிப்பவர்களைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்.

அந்தப் பலகையைத்தான் இப்போது ஊரின் பழைய கோயிலுக்கும் தூக்கிக்கொண்டு போகிறார். வெளிப்பிராகாரத்தில் கணவரின் சக்கர நாற்காலி தாராளமாக உருளும். தூணுக்குத் தூண் நிறுத்தி, யாளியின் பல்லைக்கூட விடாமல் பார்ப்பார் அவர். ஆனால் உள்மண்டபத்துக்கு உயரமான ஒரு கல்படி ஏற வேண்டும். கீழே நின்றால் சுவாமி தெரியாது, அடுத்தவர் முதுகுதான் தெரியும். ஒருமுறை நாலு பேர் அவரைத் தூக்கிப் போனார்கள். பாதியில் வேட்டி நழுவியது. யாரோ சிரித்தார்கள். அன்றோடு அவர் உள்ளே போகும் பேச்சை விட்டுவிட்டார். அக்கா விடவில்லை.

கோயில் மேற்பார்வையாளர் நல்ல மனிதர்தான். படி விஷயத்தில் மட்டும் பிடிவாதம். "ரொம்பப் பழைய கல்லும்மா. கீறல் விழுந்தா யார் பதில் சொல்றது?" என்றார். அக்கா பலகையிலிருந்த ஆணிகளையெல்லாம் பிடுங்கிவிட்டு மறுவாரம் போனார். மரமும் கீறும் என்றார் அவர். பலகையில் பழைய கம்பளியைச் சுற்றிக் கட்டிக்கொண்டு போனார். கூட்டத்துக்கு இடைஞ்சல் என்றார். நேற்று, கூட்டம் இல்லாத வேளையாகப் பார்த்துக் கணவரோடு போனார். நானும் ஒட்டிக்கொண்டேன்.

"இன்னைக்கும் வந்துட்டீங்களா?" என்றார் மேற்பார்வையாளர்.

"நீங்க சொன்னதெல்லாம் செஞ்சாச்சு சார். இன்னும் ஏதாச்சும் பாக்கி இருக்கா?"

அவர் பின்மண்டையைச் சொறிந்தார். "நாலு ஆளை அனுப்புறேன். பூப்போல தூக்கி உள்ள வெச்சிடுவாங்க."

"தூக்கி வெக்கிறது என் தொழிலு சார். சாமானைத்தான் அப்படி வெப்பேன். இவரு சாமான் இல்ல."

"மேலிடத்துல கேக்கணும்மா."

"கேளுங்க. நாங்க எங்கயும் போகல." படிக்கு நேரே நாற்காலியின் பிரேக்கை அழுத்திப் போட்டார் அக்கா. கணவர் தலையைக் குனிந்துகொண்டு, "விடு, வீட்டுக்குப் போலாம்" என்று முனகினார். அக்கா காதில் வாங்கவே இல்லை.

மேற்பார்வையாளர் செல்போனை எடுத்தார், கொஞ்ச நேரம் அதையே பார்த்தார், மறுபடி சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "சரி. இந்த ஒரு தடவைதான்."

அக்கா பலகையைச் சாய்த்தார், காலால் மிதித்துப் பார்த்தார், பிரேக்கை விடுவித்து நாற்காலியை ஒரே மூச்சில் தள்ளினார். "பிரிட்ஜுக்கு அடுத்து நான்தான்" என்றார் கணவர். நாற்காலி மேலே ஏறிச் சுவாமிக்கு நேர் எதிரே நின்றது. தீபம் காட்டினார்கள். கணவர் கைகூப்பினார்.

"இங்க வாயேன். எவ்வளவு கிட்டத்துல தெரியுது பாரு!" என்று திரும்பாமலே கூப்பிட்டார்.

அக்கா போகவில்லை. சந்நிதிக்கு முதுகைக் காட்டியபடி படியருகே குந்தி, பலகை கிடந்த இடத்தை முந்தானையால் அழுத்தித் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நல்லா குனிஞ்சு பாருங்க சார். எங்கயாச்சும் கீறல் இருக்கா? அடுத்த வாரமும் வருவோம்."

மேற்பார்வையாளர் குனியும்வரை அக்கா கல்லிலிருந்து விரலை எடுக்கவில்லை.