மாமா வாங்கிய இளநீர்

போன வாரம் ஜமுனாமரத்தூர் பஸ் ஸ்டாண்டில் ஒருவர் மடியிலிருந்து இளநீரைப் பிடுங்கினேன். திருட்டு இல்லை. என் தாய்மாமாதான்.

இரண்டு காய். அவருடைய மகளைக் கட்டிய மருமகனுக்குக் கிட்னி போய், மலைக்குக் கீழே ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் ஆரம்பித்திருக்கிறார்கள். நோயாளியைப் பார்க்க எங்கள் மலையில் யாரும் வெறுங்கையோடு போவதில்லை. பலாச்சுளை, சீத்தாப்பழம், இளநீர்... அத்தனையும் பொட்டாசியம். கிட்னி வேலை செய்யாத உடம்பில் அது வெளியே போகாது. ரத்தத்திலேயே சேர்ந்து, ஒரு கட்டத்தில் இதயத்தை நிறுத்திவிடும்.

எட்டாவது படித்த எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? அண்ணன் டயாலிசிஸில் இருந்தான். இப்போது இல்லை.

மாமா அன்பானவர் – பிரச்சினையே அதுதான். அண்ணனுக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றச் சொன்னார்கள். ரத்த வங்கியிலிருந்து பையை வாங்கி வந்தது மாமா. பை சில்லென்று இருந்ததாம். பையனுக்குக் குளிருமே என்று, அதைக் கம்பளியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வெயிலில் உட்கார்ந்துவிட்டார். மலையில் குளிருக்கு எங்களுக்குத் தெரிந்த வைத்தியம் அதுதான்.

நர்ஸ் பையைத் தொட்டுப் பார்த்தார். தனியே எடுத்து வைத்துவிட்டார்.

"ஃப்ரிட்ஜ்ல வச்ச ரத்தத்துலயே நாளாவ நாளாவ பொட்டாசியம் ஏறும்ங்க. அதனாலதான் புது பையா கேட்டு வாங்கி, மிஷின் ஓடும்போதே ஏத்துறோம். நீங்க வெயில்ல வேற வச்சிட்டீங்க. இது இனிமே யாருக்கும் ஆவாது."

மாமா கையை நீட்டி, என் ரத்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். எடுத்துக்கொண்டார்கள். அண்ணனுக்கு வேறு பை வந்தது.

ரத்தப் பையைத் தொட்டுப் பார்க்க ஒரு நர்ஸ் இருந்தார். இளநீரைத் தொட்டுப் பார்க்க யார் இருந்தார்கள்?

சில வாரம் கழித்து மாமா எங்கள் வீட்டுக்கு வந்து, இரண்டு காயை வைத்துவிட்டுப் போனார். அண்ணனுக்கு எந்நேரமும் தாகம். குடிக்கிற தண்ணீரே அளவுதான். நான் குழாயடிக்குப் போய் வருவதற்குள் இரண்டும் காலி. மறுநாள் அவனுக்கு டயாலிசிஸ். போகவேண்டி வரவில்லை. பொட்டாசியம் ஏறியிருக்கும் என்றார் டாக்டர்.

மாமாவிடம் யாரும் இதைச் சொல்லவில்லை.

பஸ் ஸ்டாண்டில், டயாலிசிஸ்காரர்களுக்கு இளநீர் ஆகாது என்று நான் சொன்னதும், அவர் என் முகத்தையே பார்த்தார்.

"அப்ப... அன்னிக்கி நான் வூட்ல வச்சிட்டு வந்தனே பாப்பா. அவன் குட்ச்சானா?"

"இல்ல மாமா. நான்தான் குட்ச்சிட்டேன்."

"ரெண்டுமா?"

"தாகமா இருந்துச்சி."

நம்பினாரா? தெரியவில்லை. நம்ப வைக்க வேண்டுமே... பக்கத்துக் கடையில் சீவச் சொல்லி, இரண்டையும் அவர் எதிரிலேயே குடித்தேன். இரண்டாவது காய் இறங்கவே இல்லை. குடித்தேன்.

மாமா வெறுங்கையோடு பஸ் ஏறினார். ஜன்னலில் தலையை நீட்டி, "மெதுவா குடி, பொரை ஏறப்போவுது" என்றார்.

அவருக்குப் படிக்கத் தெரியாது. தெரிந்தவர்கள் யாரும் இதை அவருக்குப் படித்துக் காட்டாதீர்கள்.