இரண்டாவது பஸ் ஏன் காலியாக வருகிறது

முழங்கால் தேய்ந்துவிட்டது என்று டாக்டர் எழுதிக் கொடுத்த பிறகு கண்டக்டர் பையை இறக்கி வைத்தேன். ஊட்டி பஸ் நிலையத்தில் டைம் கீப்பர் அறையில் உட்கார வைத்தார்கள். வண்டி கிளம்பும் நேரத்தையும் திரும்பி வரும் நேரத்தையும் குறிப்பதுதான் வேலை. நடுவில் வண்டிக்கு என்ன ஆகிறது என்று நான் யோசித்ததில்லை.

யோசிக்க வைத்தவர் எமரால்டு கிராமத்திலிருந்து வந்த ஒரு பெண். நாற்பது வயதிருக்கும். கேரட் தோட்டத்தில் கூலி வேலை. மகளுக்குச் சாதிச் சான்றிதழ் வாங்கத் தாலுகா ஆபீசுக்கு வந்தவர், அப்படியே என் ஜன்னலுக்கும் வந்து நின்றார்.

"ஏனுங்க, சாயந்திரம் ரெண்டு வண்டியையும் ஒண்ணாச் சேத்து எதுக்குங்க அனுப்பறீங்க? சேந்தே வருது, சேந்தே போயிருது. அப்பறம் அரை மணி நேரம் ரோட்டப் பாத்துட்டு நிக்கறோம். ஊட்டுக்குப் போயி எப்பங்க சோறாக்கறது?"

பதிவேட்டைத் திருப்பிக் காட்டினேன். எமரால்டுக்கு மூன்றரைக்கு ஒன்று, மூன்றே முக்காலுக்கு ஒன்று. கால் மணி நேர இடைவெளி ஒரு நாளும் தவறவில்லை. அவர் நிதானமாகப் படித்துவிட்டு, "நீங்க எழுதுனது சரிதானுங்க. அங்க வந்து பாருங்க" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் மறந்திருப்பேன்.

அடுத்த ஓய்வு நாளில் மூன்றரை வண்டியில் ஏறினேன். வழியில் பாலாடா வரை நேரம் சரியாக இருந்தது. அங்கே கேரட் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த லாரி வழியை அடைத்து நின்றதில் நாலு நிமிடம் போயிற்று. நாலு நிமிடம்தானே என்றுதான் நானும் நினைத்தேன். அதற்குள் அடுத்த நிறுத்தத்தில் வேலை முடிந்த பெண்கள் இன்னும் பத்துப் பேர் சேர்ந்துவிட்டார்கள். அவர்கள் ஏறி முடிக்க மேலும் தாமதம். அதற்கடுத்த நிறுத்தத்தில் கூட்டம் இன்னும் அதிகம். பெண்களுக்குக் கட்டணம் இல்லையென்றாலும் ஆளுக்கொரு டிக்கெட் கொடுத்தாக வேண்டும். நெரிசலில் நகர முடியாத கண்டக்டர் ஓர் ஏற்றத்தில் வண்டியை ஓரம் கட்டச் சொல்லி டிக்கெட் போட்டு முடித்தார். பின்கண்ணாடி வழியே பார்த்தேன். கீழே வளைவில் மூன்றே முக்கால் வண்டி வந்துகொண்டிருந்தது.

மறுவாரம் அந்த இரண்டாவது வண்டியில் போனேன். நிறுத்தங்களில் ஆளே இல்லை. எல்லோரையும் முன்வண்டி அள்ளிப் போயிருந்தது. "இன்னிக்கு ரோடு நல்லா வழி விடுதுங்கண்ணா" என்று டிரைவர் சந்தோஷப்பட்டார். கொஞ்சம் மெதுவாகப் போகக் கூடாதா என்று கேட்டேன். காலி ரோட்டில் உருட்டிக்கொண்டு போனால் உள்ளே இருப்பவர்கள் தன்னைத்தான் திட்டுவார்கள் என்றார். அதுவும் நியாயம்தான். யார் மேலும் தப்பில்லை, ஆனாலும் இரண்டு வண்டியும் ஒட்டிக்கொண்டுவிடுகின்றன. இத்தனை வருடம் கண்டக்டராக இருந்தவனுக்கு இது எப்படித் தெரியாமல் போயிற்று என்றிருந்தது. கூட்டத்துக்கு நடுவில் நின்றவன் பின்னால் வரும் வண்டியை எங்கே பார்த்தேன்?

கிளை மேலாளரிடம் சொன்னேன். எழுத்தில் தரமாட்டேன், செய்து பாருங்கள் என்றார். முன்வண்டி நிரம்பிய பிறகு, இறங்க ஆளில்லாத நிறுத்தங்களில் நிற்காமல் போகட்டும், பின்வண்டி ஏற்றிக்கொள்ளட்டும் என்பது என் ஏற்பாடு. பின்வண்டி அருகில் வந்துவிட்டதைக் கண்டக்டர்கள் செல்போனில் கேட்டுக்கொண்ட பிறகுதான் அப்படிச் செய்ய வேண்டும்.

சான்றிதழ் இன்னும் கையெழுத்தாகவில்லை என்று அந்தப் பெண் மறுபடி ஊட்டிக்கு வந்தார். ஜன்னலில் அவர் முகத்தைப் பார்த்ததும் திட்டு விழப்போகிறது என்று நினைத்தேன்.

"கையக் காட்டக் காட்ட நிக்காமப் போயிருச்சுங்க. வாயில வந்ததெல்லாம் சொல்லிப்போட்டேன். மூணு நிமிசத்துல பின்னால ஒண்ணு வந்துச்சு. சீட்டுல உக்காந்து போனேன்." அப்புறம் கேட்டார்: "பின்னால வருதுன்னு எங்களுக்கு யாருங்க சொல்றது? தெரிஞ்சிருந்தா நான் ஏனுங்க வையப்போறேன்?"

ஏற்பாடு செய்தபோது டிரைவரை நினைத்தேன், கண்டக்டரை நினைத்தேன். ரோட்டில் நிற்பவர்களிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றவே இல்லை. மறுநாளிலிருந்து முன்வண்டி நிறுத்தத்தில் வேகத்தைக் குறைக்கும், கண்டக்டர் படியில் நின்று "பின்னாலயே வருதுங்க" என்று சத்தம் கொடுப்பார். முதலில் யாரும் நம்பவில்லை, வண்டியோடு ஓடி வந்தார்கள். சொன்னபடி நாலைந்து நாள் பின்வண்டி வந்த பிறகு நிற்கப் பழகினார்கள்.

இப்போது முக்கால்வாசி நாட்களில் இரண்டும் பத்து நிமிட இடைவெளியில் எமரால்டு சேர்கின்றன. கால் மணி நேரம் ஒரு நாளும் வாய்க்கவில்லை. மஞ்சு மூடி ரோடு தெரியாமல் போய்விட்டால் எங்கள் ஏற்பாடு எதுவும் நடப்பதில்லை, ஒன்றின் விளக்கைப் பார்த்துத்தான் மற்றது போகும்.

ஞாயிற்றுக்கிழமைதான் எனக்குப் புரியவில்லை. அன்று தோட்டத்தில் வேலை கிடையாது, லாரி கிடையாது, கூட்டமும் இல்லை. அப்படியும் சில ஞாயிறுகளில் இரண்டும் ஜோடியாகவே போய்ச் சேர்கின்றன. டிரைவர்களைக் கேட்டால் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிக்கிறார்கள்.