கண் வைக்காமல் போன படம்

இந்த நாட்டில் இம்தியாஸ் வரையாத முகம் ஒன்றுகூட மிச்சமில்லை. அந்தமானில் ஒரு முதலை அவன் முன்னால் அசையாமல் உட்கார்ந்து தன்னைப் படமெழுத வைத்துக்கொண்டது. சரி, முதலையை நான்தான் சேர்த்தேன். ஆனால் கட்ச் உப்பளத்துக்காரரும், அஸ்ஸாமில் தேயிலை பறிக்கிறவளும், லடாக்கில் ஆடு மேய்க்கிறவனும் அவன் வரைந்தவர்கள் என்பது நிஜம். காஞ்சிபுரத்து ஜவுளிக்கடைக் குடும்பத்தில் பிறந்து, கல்லாவில் உட்காராமல் வண்ணப் பையைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகத் திரிகிறவன்.

அவனுக்கு ஒரு வழக்கம். முகத்தை எழுதி முடித்துவிட்டு, கண்களை மட்டும் மறுநாளைக்கு வைத்துவிடுவான். முதல் நாள் எல்லோரும் படத்துக்காகப் பார்ப்பார்களாம். மறுநாள்தான் அவரவர் சொந்தப் பார்வை பார்ப்பார்களாம்.

அந்த வழக்கம் கங்கையம்மாளிடம் வந்து மாட்டிக்கொண்டது. அவள் காஞ்சிபுரத்தில் ஒரு கோயில் வாசலில் செருப்புக்குக் காவல் இருப்பவள். இரண்டு கண்ணிலும் புரை முற்றி, கொஞ்ச நாளாக ஆள் மாற்றிச் செருப்பு கொடுத்துக்கொண்டிருந்தாள். ஊரை ஒட்டிய செவிலிமேட்டில் அவள் வீட்டில் படத்தை எழுதிய இம்தியாஸ், வண்ணம் ஈரமாக இருந்ததால் அங்கேயே சாய்த்து வைத்துவிட்டு, மறுநாள் காலையில் வாலாஜாபாத் அரிசி ஆலைக்கு, அடுத்து வரைய ஆள் பார்க்கப் போய்விட்டான்.

அங்கே அவள் மகன் மணிவண்ணனிடமிருந்து போன் வந்தது.

"பாய், எங்க கீறீங்க? இன்னிக்கு அம்மாவுக்குக் கண் ஆபரேசன். கண் கேம்ப் வேன் வரப்போவுது. 'கண்ணில்லாம என்னை எழுதி வச்சிட்டுப் போயிட்டான், நான் குருடாவப் போறேன், வரமாட்டேன்'னு உக்காந்துக்கினு இருக்குது. இதுக்கு மேல உட்டா பார்வையே போயிடும்னு டாக்டர் சொல்லிட்டாரு பாய்!"

இம்தியாஸ் உடனே திரும்புகிற பஸ்ஸில் ஏறினான். ஒரு கிழவியின் பார்வை தன்னால் போய்விட்டால்? அதுவரை அவன் எழுதிய முகங்களெல்லாம் கண்ணை மூடிக்கொண்டதுபோல் இருந்தது.

கங்கையம்மாள் படத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள்.

"வந்துட்டியா பாவி! கண்ணை வையி. அப்பால வண்டி ஏறறேன்."

"சரிம்மா, இப்படித் திரும்பு."

அப்போதுதான் அவனுக்கு அடுத்த பயம் பிடித்தது. கருவிழிமேல் பால் ஏடு படிந்தாற்போல் வெள்ளை. அதை அப்படியே எழுதினால் பயந்துபோய் வர மறுத்துவிடுவாளோ? பளிச்சென்று கருப்பாக எழுதினால் அது அவள் கண்ணே இல்லையே. வாசலில் வேன் ஹாரன் அடித்தது. பார்த்ததையே எழுதினான்.

கங்கையம்மாள் படத்தைத் தூக்கி மூக்குக்குக் கிட்டே வைத்துக்கொண்டாள். இப்படித் திருப்பினாள், அப்படித் திருப்பினாள்.

"இவ்ளோ வெள்ளையாவா கீது?" என்றாள் கடைசியில். "இதை வச்சிக்கினா நான் செருப்பு எடுத்துக் குடுத்துக்கினு இருந்தேன்? டேய் மணி, என் பையை எடு!"

இம்தியாஸ் சிங்கம்போல் எழுந்து, அவள் கையைப் பிடித்து, தைரியம் சொல்லி வேனில் ஏற்றிவிட்டான்.

ஆபரேசன் முடிந்து கண் தெளிந்தபின், என் பக்கத்தில் உட்கார்ந்து நான் எழுதும் இதை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டு வந்த கங்கையம்மாள், இந்த இடத்தில் விரலை வைத்துவிட்டாள்.

"யம்மா, இது பொய். அவன் எங்க புடிச்சான்? கை வெடவெடன்னு ஆடுச்சி. நான்தான் அவன் கையைப் புடிச்சிக்கினு போனேன். 'ஆபரேசன் இவருக்கா?'ன்னு வேன்ல வந்த நர்சம்மா கேட்டுச்சி. அதையும் எழுது."