எதிர்காற்றில் வண்டி எடுக்காத நோலீன்

நோலீன் ப்ரிட்சர்டுக்கு வயது எழுபத்துமூன்று. அவளுடைய டீசல் ஜீப்புக்கு முப்பத்தைந்து. இரண்டு பேருக்கும் காலையில் உடம்பு சூடாகக் கொஞ்ச நேரம் பிடிக்கும், அப்புறம் நிறுத்துவதுதான் கஷ்டம் என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். அதையே வேறு யாராவது சொல்லிவிட்டால் தொலைந்தார்கள்.

காடினா என்கிற ஊரில் இருபத்திரண்டு வருஷம் ஸ்கூல் பஸ் ஓட்டியவள். வேலை முடிந்ததும் அவளும் புருஷன் மெர்வும் வீட்டை விற்றுவிட்டு, ஜீப்புக்குப் பின்னால் ஒரு கேரவனை, அதாவது சக்கரம் வைத்த குட்டி வீட்டைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகக் கிளம்பிவிட்டார்கள். எங்கள் பக்கம் பாதிப் பேர் அப்படித்தான். பேரப்பிள்ளைகளுக்கு டயப்பர் மாற்றுவதற்குப் பதில் சக்கரத்துக்கு டயர் மாற்றுவோம். பத்து வருஷம் மெர்வ்தான் ஓட்டினான். ஸ்டியரிங்கை அவளிடம் கொடுக்க மாட்டான். பஸ் வேறு, கேரவன் இழுப்பது வேறு என்பான். அவளும் சண்டை போட்டுப் போட்டு அலுத்துப்போய், பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பாட்டு கேட்டுக்கொண்டு வந்தாள்.

மெர்வ் போன பிறகு முதல் பயணத்தில்தான் அவளுக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. மெர்வ் எப்போதும் ஐந்தாவது கியரில்தான் போவான். பெரிய கியர் போட்டால் டீசல் மிச்சம் என்பது அவன் சித்தாந்தம். பின்னால் இரண்டு டன் தொங்கும்போது ஐந்தாவதில் அந்த இன்ஜின் மூச்சு முட்டி, மிதிக்கிற மிதிக்கெல்லாம் டீசலைக் குடித்துக்கொண்டிருந்தது. அவள் நாலாவதில் போட்டு எண்பதுக்கு மேல் போகாமல் ஓட்டினாள். நூறு கிலோமீட்டருக்கு மூன்று லிட்டர் குறைந்தது. பங்க்கில் நின்றுகொண்டு, “அட மடப்பயலே, பத்து வருஷம் புகையா விட்டியே!” என்று செத்தவனைத் திட்டினாள். திட்டிக்கொண்டே அழுதாள். அங்கே பிடித்த பிடிவாதம், ஆறு வருஷமாகத் தனியாகத்தான் ஓட்டுகிறாள்.

அவள் மகன் டேமியனுக்கு இது பிடிக்கவில்லை. பெர்த்தில் நல்ல வேலை, புது வண்டி, புது கேரவன். போன மார்ச்சில் மீன் பிடிக்க செடூனா வரை வந்தவன், அம்மாவும் அங்கே தங்கியிருக்கிறாள் என்று தெரிந்து கேரவன் பார்க்குக்கு வந்து உட்கார்ந்துகொண்டான். கிரில்லில் சாசேஜைப் புரட்டிக்கொண்டே ஆரம்பித்தான்.

“அது வண்டியே இல்லம்மா. டீசல் ஊத்தற ஓட்ட வாளி. என்னிக்காவது நடுரோட்டுல உன்ன விட்டுடும் பாரு.”

“உன்னோடது மட்டும் தேனா குடிக்குது? நூறுல பறக்கறியே, எவ்வளவு ஊத்தறே, சொல்லேன்.”

“என் கதை எதுக்கு? இங்க ஒரு டேங்க் ரொப்பிக்கோ. நடுவுல ஒரு சொட்டு போடாம எல்லை வரைக்கும் உன் கிழட்டு வண்டி வரட்டும். நான் வாயைத் தெறக்கமாட்டேன்.”

“வரலன்னா?”

“சாவியக் கொடுத்துடு. எங்க வீட்டுக்குப் பக்கத்துல முதியோர் குடியிருப்பு இருக்கு. அங்க வந்துடு.”

செடூனாவிலிருந்து அடுத்த மாநிலத்தின் எல்லை நானூற்று எண்பது கிலோமீட்டர். அவள் டேங்க் தொண்ணூறு லிட்டர். கேரவனோடு நூறு கிலோமீட்டருக்குப் பதினெட்டுக்கு மேல் போனால் கதை முடிந்தது. புத்தியுள்ள எவளும் ஒத்துக்கொள்ள மாட்டாள். ஆனால் ‘கிழட்டு வண்டி’ என்று சொல்லிவிட்டானே! நோலீன் எழுந்து போய், கூரையில் கட்டியிருந்த இரண்டு கேன் டீசலையும் அவிழ்த்து அவன் காலடியில் வைத்தாள்.

“இதையும் நீயே எடுத்துட்டுப் போ. அப்புறம் ஏமாத்திட்டேன்னு சொல்லுவே. ஒண்ணு கேட்டுக்கோ, யாரும் என் வண்டிய இழுத்துட்டு வரவும் கூடாது. கொக்கியில தொங்கிட்டு வந்தா நான் தோத்தேன்.”

மறுநாள் காலை கேரவன் தண்ணீர்த் தொட்டியில் குடிக்கிற அளவு வைத்துக்கொண்டு எடை குறைய மீதியை மரத்துக்குத் திறந்துவிட்டாள். டயரில் காற்று சரிபார்த்தாள். டேமியன் எல்லையில் காத்திருப்பதாகச் சொல்லிக் கையசைத்துவிட்டுப் பறந்துபோனான். இவள் எழுபத்தெட்டில், நாலாவது கியரில், தன் பாட்டுக்குப் போனாள். பின்னால் பெரிய லாரிகள் வரும். “முன்னால போற வெள்ளை கேரவன், தாண்டிப் போகலாமா?” என்று வண்டிக்கு வண்டி பேசிக்கொள்கிற ரேடியோவில் கேட்பார்கள். “வாப்பா ராசா” என்று சொல்லி ஆக்சிலரேட்டரிலிருந்து காலை லேசாக எடுப்பாள். தாண்டினவன் நன்றி சொல்லிவிட்டுப் போவான். இந்த மரியாதை தெரியாதவன் இந்த ரோட்டில் ஓட்டக் கூடாது என்பது என் கருத்து.

முன்னூறு கிலோமீட்டர் தாண்டும்வரை முள் ஒழுங்காகத்தான் இறங்கியது. வழியில் இருந்த கடைசி பங்க்கையும் திரும்பிப் பார்க்காமல் கடந்தாள். அப்புறம் வந்தது மேல்காற்று, மேற்கே போகிறவளுக்கு நேர் எதிரே. கேரவன் முகத்தில் யாரோ கையை வைத்துத் தள்ளுகிற மாதிரி இருந்தது. நாலாவதிலும் இன்ஜின் திணறியது. முள் கண்ணெதிரே சரிந்தது. முப்பது கிலோமீட்டர் பொறுத்துப் பார்த்தாள். இப்படியே போனால் எல்லைக்கு நாற்பது கிலோமீட்டர் முன்னாலேயே டேங்க் காலி என்று மனக்கணக்கு சொன்னது. டேமியன் சொன்ன அந்த முதியோர் குடியிருப்பை அவள் ஒருமுறை பார்த்திருக்கிறாள். மதியம் பன்னிரண்டுக்குச் சாப்பாடு, மூன்று மணிக்கு பிங்கோ விளையாட்டு, ஆறு மணிக்குக் கதவைச் சாத்திவிடுவார்கள்.

“நான் மாட்டேன் போ!” என்று காற்றைப் பார்த்துக் கத்தினாள்.

கடல் பக்கம் செங்குத்துப் பாறைக்கு மேலே வண்டி நிறுத்துகிற இடம் வந்தது. திருப்பி நிறுத்தினாள். மணி மதியம் ஒன்று.

கேரவன் இழுப்பவர்களுக்கு இது தெரியும். எதிர்காற்று அடித்தால் நாங்கள் ஓட்ட மாட்டோம். இறங்கி நாற்காலி போடுவோம், தேநீர் வைப்போம், காற்று திரும்பும்வரை ஊர்க்கதை பேசுவோம். ஒருநாள் ஆனாலும் சரி, இரண்டுநாள் ஆனாலும் சரி. எங்கே போய் யாருக்கு மாலை போடப் போகிறோம்? நோலீன் ரேடியோவை எடுத்து, மேற்கே போகிற ஒரு லாரிக்காரனைப் பிடித்தாள்.

“எல்லையில டேமியன்னு ஒருத்தன், புது கேரவன் வச்சிருப்பான். அவங்கிட்ட சொல்லிடுங்க. உங்கம்மா நல்லா இருக்கா, காத்து திரும்பட்டும்னு உக்காந்திருக்கா, அவ்வளவுதான்.”

“சொல்லிடறேன்மா. நல்லா காலை நீட்டிப் படுங்க.”

லாரிக்காரன் சொன்னான்தான். ஆனால் டேமியனுக்கு அது காதில் ஏறவில்லை. காற்றுக்காக எவளாவது வண்டியை நிறுத்துவாளா? நூறில் பறக்கிறவனுக்குக் காற்று என்பது ஜன்னலுக்கு வெளியே இருக்கிற ஒரு சத்தம். அம்மா வண்டி படுத்துவிட்டது, கௌரவத்துக்குப் பொய் சொல்கிறாள் என்று முடிவுகட்டினான்.

மறுநாள் காலை வெயில் ஏறும்வரை அவள் கிளம்பவில்லை. விடியற்காலையில் கங்காரு குறுக்கே பாயும். மேல்காற்று அடங்கிப்போய் இலை அசையவில்லை. கேரவன் படியில் உட்கார்ந்து பேரிக்காய் தின்றுகொண்டிருந்தபோது, பழுதான வண்டிகளை இழுக்கிற லாரி ஒன்று வந்து நின்றது. இறங்கியவன் பெயர் லின்டன். முப்பது வயது இருக்கும், கண்ணில் தூக்கம்.

“நோலீன்னா நீங்கதானே? உங்க பையன் அனுப்பினார். கொக்கி மாட்டிடலாமா?”

“எதுக்கு மாட்டணும்?”

“வண்டி படுத்துடுச்சுன்னு சொன்னாரே.”

“வண்டி படுக்கல. நாந்தான் படுத்திருந்தேன். இப்ப எழுந்துட்டேன்.” சாவியைத் திருகினாள். இரண்டாவது திருகலில் ஜீப் கனைத்துக்கொண்டு எழுந்தது. அணைத்தாள். “கேட்டுச்சா? அந்தக் கொக்கிய உள்ள வை. என் வண்டி மேல அது பட்டுதுன்னா கைய ஒடிச்சிடுவேன்.”

லின்டன் தலையைச் சொறிந்தான். “அம்மா, அவர் காசு கட்டிட்டாரு. வெறுங்கையோட போனா என்னத்தான் கேப்பாரு.”

“கேட்டா நான் பதில் சொல்றேன். உக்காரு தம்பி. இந்தப் பேரிக்காயைத் தின்னு. தேனும் இருக்கு. ரொட்டியில தடவிக்கோ. எல்லைக்கு அந்தப் பக்கம் பழம், தேன் கொண்டுபோகக் கூடாது, சோதனைக்காரங்க எல்லாத்தையும் பிடுங்கிக் குப்பையில போட்டுடுவாங்க. அவங்களுக்குக் கொடுக்கறதுக்கு உனக்குக் கொடுக்கலாம்.”

அவன் உட்கார்ந்தான். நாலு பேரிக்காய் தின்றான். தேன் பாட்டிலை வழித்து நக்கினான். ஒன்பது மணிக்கு அவன் தொப்பி பின்னாலிருந்து வந்த காற்றில் பறந்து மேற்குப் பக்கம் உருண்டது. நோலீன் எழுந்து நின்றாள். கீழ்க்காற்று!

“தொப்பியப் பொறுக்கிட்டுப் பின்னாலயே வா” என்றாள்.

முதுகில் காற்று கை கொடுக்க, எழுபத்தைந்தில் ஓட்டினாள். முள் நகரவே இல்லாத மாதிரி இருந்தது. கடைசி இருபது கிலோமீட்டரில் சிவப்பு விளக்கு எரிந்தது. எரியட்டும் என்றாள். இவள் வண்டிக்குப் பின்னால் லின்டனின் லாரி, கொக்கி காலியாக ஆட, எல்லை பங்க்குக்குள் நுழைந்தது. நாலைந்து கேரவன்காரர்கள் பார்த்துவிட்டுக் கைதட்டினார்கள். லாரிக்காரர்கள் வழியாகக் கதை அவளுக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது.

டேமியன் ஓடிவந்தான். முகத்தில் நிம்மதியும் இருந்தது, வேறு ஏதோ ஒன்றும் இருந்தது.

“ஒரு சொட்டு போடல. யாரும் இழுக்கல. வேணும்னா லின்டனக் கேளு” என்றாள் நோலீன்.

“சரிம்மா, ஜெயிச்சுட்ட. ஆனா...” அவன் தரையைப் பார்த்தான். “போற வழியில நார்ஸ்மன் ஊர்ல ஒருத்தர் வந்து காத்துட்டிருக்காரு. ஜீப், கேரவன் ரெண்டையும் சேத்து விலைக்கு எடுத்துக்கறேன்னு சொல்லியிருக்காரு. அவர்கிட்ட வாக்கு கொடுத்துட்டேன்.”

“எப்போ கொடுத்தே?”

அவன் செருப்பு நுனியால் மண்ணைக் கிளறினான்.

“டேமியன், எப்போ கொடுத்தே?”

“போன மாசம். நீ சம்மதிப்பேன்னு நெனச்சேன்மா.”

போன மாதம். பந்தயம் கட்டியது முந்தாநாள். ஒருநாள் முழுக்க முள்ளைப் பார்த்துப் பார்த்து ஓட்டியதெல்லாம் எதற்கு? ஜெயித்தாலும் தோற்றாலும் இவன் விற்றிருப்பான். பெற்ற பிள்ளை மேல் அவளுக்கு அவ்வளவு கோபம் அதுவரை வந்ததில்லை. அதைவிடப் பெரிய கோபம் தன் மேலேயே வந்தது.

“நீ ரோட்டோரத்துல தனியா செத்துக் கிடந்தா நான் என்ன பண்ணுவேன்?” டேமியனுக்குக் குரல் உடைந்தது. நடிப்பில்லை, பயந்துதான் போயிருந்தான். அது அவளுக்கும் தெரிந்தது.

“ரூம்ல தனியா செத்துக் கிடந்தா பரவாயில்லையா?”

“அம்மா...”

“நான் பேசி முடிச்சுடறேன். உன் மேல தப்பு இருக்கு, அது இருக்கட்டும். என் மேலயும் ஒரு தப்பு. என் வண்டிய நான் ஓட்டறதுக்கு உன்கிட்ட பரீட்சை எழுத உக்காந்தேன் பாரு, அதுதான். மெர்வ்கிட்ட பத்து வருஷம் உக்காந்தது போதாதா எனக்கு? இனிமே பந்தயமும் கிடையாது, பரீட்சையும் கிடையாது. டேங்க் நடுவழியில காலியானாலும் இது என் வண்டி. ஓட்ட முடியாத நாள் வந்தா எனக்குத்தான் மொதல்ல தெரியும். அன்னிக்கு நானே உனக்கு போன் பண்ணுவேன். நார்ஸ்மன் ஆளுகிட்ட நீயே போய் மூஞ்சியக் காட்டு.”

டேங்கை நிரப்பினாள். ஏறி உட்கார்ந்து இன்ஜினை ஓடவிட்டாள். டேமியன் ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவள் அவசரப்படுத்தவில்லை. அவனாகக் கையை எடுக்கும்வரை ரோட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். எடுத்தான். அவள் கிளம்பினாள்.