பரசுராமனுக்குப் பங்காளி கிடைத்த கதை

பிள்ளையார்பாளையத்தில் யார் வீட்டு மோட்டார் புகைந்தாலும் பரசுராமன் கடைக்குத்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள். மீசை முளைத்த நாளிலிருந்து செம்புக்கம்பி சுற்றி மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர். பேச்சும் சிரிப்புமாக இருக்கிற மனிதர், அப்பா வழிச் சொந்தம் என்று யாராவது கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவார்.

அவர் சிறு பிள்ளையாக இருந்தபோதே தாயும் தகப்பனும் அடுத்தடுத்துக் காய்ச்சலில் போய்விட்டார்கள். அம்மாவின் அக்கா பட்டம்மாள் ஐயம்பேட்டைக்குக் கூட்டிப்போய், பெற்ற பிள்ளைக்கு மேலாக வளர்த்தாள். அப்பா வழியில் யாரும் இல்லையா என்று கேட்டால், "எவனும் வேணாம்னுட்டான். போய் சாப்புடு" என்பாள். தன்னை வேண்டாமென்று விட்டுவிட்டார்கள் என்றே பரசுராமன் நம்பி வந்தார். பட்டம்மாளும் காலமாகி வெகுகாலம் ஆகிவிட்டது.

போன ஆண்டு மகள் தேவிப்ரியாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. பத்திரிகை அடிக்கப் போன இடத்தில் அச்சகக்காரர், "பங்காளிங்க பேரு சொல்லுங்க" என்றார்.

"அந்த எடத்துல பிள்ளையார் படம் ஒண்ணு போட்டுடுப்பா" என்று சொல்லிப் பரசுராமன் சிரித்தார்.

தேவிப்ரியாவுக்குச் சிரிப்பு வரவில்லை. வெளியே வந்ததும், "சின்ன வயசுல கோர்ட்டுக்குப் போனேன்னு ஒரு தடவ சொன்னியேப்பா, அது என்ன கேஸு?" என்று கேட்டாள். பெரிய கட்டடம், கறுப்புக் கோட்டு, யாரோ கொடுத்த பெப்பர்மிண்ட் மிட்டாய். அதற்கு மேல் அவருக்கு எதுவும் நினைவில் இல்லை.

தேவிப்ரியாவின் பள்ளித் தோழி கிருஷ்ணவேணி வழக்கறிஞர். அவளுக்கு அந்த மிட்டாயே போதுமானதாக இருந்தது.

"உங்க அப்பா பேர்ல வீடு கீடு இருந்துதா அங்கிள்?"

"ஒரு ஓட்டு வீடு இருந்துது. அத வித்துத்தான் இந்தக் கடையப் போட்டேன்."

"அப்போ கார்டியன் கேஸுதான். மைனருக்குச் சொத்து வந்தா, யாரு பொறுப்புன்னு கோர்ட்டுல கேப்பாங்க. அப்பல்லாம் நமக்குச் செங்கல்பட்டு கோர்ட்டு. மத்த பேப்பர அழிச்சிருந்தாலும் ஜட்ஜ் போட்ட உத்தரவு இருக்கலாம். நகல் கேட்டுப் பாக்கலாம்."

பட்டம்மாள் பெயரைக் கொடுத்துத் தேடச் சொன்னார்கள். அப்படி ஒரு வழக்கே இல்லை என்று பதில் வந்தது. முன் வருஷமும் பின் வருஷமும் பார்த்தாயிற்று. பரசுராமன், "விடும்மா, இருந்தாத்தானே கிடைக்கும்" என்றார். கிருஷ்ணவேணி விடவில்லை.

"பெரியம்மாதான் கேஸ் போட்டாங்கன்னு நாமளா நெனச்சிக்கினோம். வேற யாராச்சும் போட்டிருந்தா? கொழந்த பேர வச்சித் தேடச் சொல்றேன்."

நகல் கைக்கு வந்த அன்று அவள் ஸ்கூட்டரை அணைக்கக்கூட மறந்து கடைக்குள் ஓடி வந்தாள்.

"கேஸ் போட்டது உங்க சித்தப்பா அங்கிள்! ஏகாம்பரம்னு பேரு. திருப்பருத்திக்குன்றம்!"

"வீட்டுக்கா?"

"வீடு பையனுக்கே இருக்கட்டும், பையன மட்டும் எனக்குக் குடுங்கன்னு கேட்டிருக்காரு. முடியாதுன்னு பெரியம்மா எதிர்த்து நின்னிருக்காங்க. உங்களுக்காக ரெண்டு பேரும் அடிச்சிக்கினு இருந்திருக்காங்க!"

பரசுராமன் கையிலிருந்த செம்புக்கம்பியைக் கீழே வைத்தார். உத்தரவு இங்கிலீஷில் இருந்தது. அவள் தமிழில் சொல்லச் சொல்லக் கேட்டார். யாரிடம் போகிறாய் என்று நீதிபதி குழந்தையைக் கேட்டாராம். பெரியம்மா வீட்டு ஆடு குட்டி போட்டிருக்கிறது, அதனால் அங்கேதான் போவேன் என்று குழந்தை சொன்னதாம். அதையும் எழுதி, பட்டம்மாள் நன்றாகப் பார்த்துக்கொள்கிறாள் என்பதையும் எழுதி, நீதிபதி குழந்தையை அவளிடமே ஒப்படைத்திருந்தார்.

பரசுராமன் சிரிக்க ஆரம்பித்தார். நிறுத்த முடியவில்லை. கண்களைத் துடைத்துத் துடைத்து முகமெல்லாம் கிரீஸ்.

"பெரியம்மா பொய் சொல்லிடுச்சேப்பா, கோவமில்லையா?" என்று அன்று தேவிப்ரியா கேட்டாள்.

"எங்க திரும்பவும் கேட்டுக்கினு வந்துடுவாங்களோன்னு பயந்திருக்குது, பாவம்."

ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் மகளும் திருப்பருத்திக்குன்றத்துக்குப் போனார்கள். ஏகாம்பரம் இப்போது உயிரோடில்லை, மகள் இருக்கிறாள் என்று டீக்கடையில் வீட்டைக் காட்டினார்கள். வாசலில் கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்த ஏலவார்குழலி நிமிர்ந்து பார்த்தாள். வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த பேச்சு அவருக்கு மறந்துபோயிற்று.

"நான்... பரசுராமன். ஐயம்பேட்டையில வளந்தவன்..."

கொத்தமல்லி சிதறியது.

"ஆட்டுக்குட்டி அண்ணனா?"

அவள் உள்ளே திரும்பிக் கத்தினாள். "ஏங்க, வெளிய வாங்க! ஆட்டுக்குட்டி அண்ணன் வந்துட்டாரு!"

வீட்டில் என்ன விசேஷம் நடந்தாலும் ஏகாம்பரம் இந்தக் கதையைச் சொல்லாமல் விடமாட்டாராம். "வக்கீல் வச்சேன், சாட்சி வச்சேன், ஒரு ஆட்டுக்குட்டிகிட்ட தோத்துட்டேன்" என்பாராம்.

"அப்புறம் ஏம்மா வந்து பாக்கல?" பரசுராமன் கேட்டே விட்டார்.

"ரெண்டு தடவ வந்தாராம்ண்ணா. நீங்க பயந்துக்கினு பெரியம்மா முந்தானையில ஒளிஞ்சிக்கினீங்களாம். புள்ள நிம்மதியா இருக்கட்டும்னு விட்டுட்டாரு."

அதற்குள் அவளுடைய தம்பி குமரகுரு, யாரோ போனில் சொல்லி, தறியிலிருந்து எழுந்த கோலத்திலேயே பைக்கில் வந்து இறங்கினார். கைகொடுப்பதா காலில் விழுவதா என்று தெரியாமல் அண்ணனைக் கட்டிக்கொண்டார். பத்திரிகையை அவசரமாக மறுபடி அடித்தார்கள்.

கல்யாணத்தன்று குமரகுரு குடும்பத்தோடு விடியற்காலையிலேயே மண்டபத்துக்கு வந்துவிட்டார். வந்தவர் சமையல்காரரை அதட்டினார், பந்தலில் வாழைமரம் சாய்ந்திருக்கிறது என்றார், மாப்பிள்ளை வீட்டுக்கு முதல் பந்தியில் இடம் ஒதுக்கவில்லை என்று பரசுராமனிடமே எகிறினார். பரசுராமனும் விடவில்லை. எல்லோர் முன்பும் அண்ணனும் தம்பியும் குரலை உயர்த்திச் சண்டை போட்டார்கள். மணமேடையில் இருந்த தேவிப்ரியா பதறிப்போய்ப் பார்த்தாள். அப்பாவின் முகம் அத்தனை மலர்ந்து அவள் பார்த்ததே இல்லை.