பசை காயும்வரை

நாத்தனார் என்றால் அண்ணியை நாலு பேச்சு பேச வேண்டும், அண்ணி என்றால் கண்ணைக் கசக்க வேண்டும் என்று யாரோ எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். எங்கள் வீட்டில் அது செல்லுபடியாகவில்லை. என் சின்னண்ணன் மனைவி கண்ணைக் கசக்குகிற ஆள் இல்லை. எனக்கும் நாலு பேச்சு பேச வேறு ஆட்கள் இருந்தார்கள். முதல் ஆள் என் பெரியண்ணன்.

அண்ணிக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. கடைக்குப் பின்னால் இருக்கும் சின்ன அறையில் உட்கார்ந்து சட்டத்தில் கண்ணாடியைப் பொருத்துவார், கண்ணுக்கே தெரியாத திருகாணியை முடுக்குவார், யாரோ மேலே உட்கார்ந்து நசுக்கிய சட்டத்தைச் சூடு காட்டி வளைப்பார். நாளெல்லாம் இந்த வேலை பார்த்துவிட்டு வருகிறவர் வீட்டுக்கு வந்ததும் அக்கடா என்று சாய்ந்துகொள்வார் என்றுதானே நினைப்போம்? அவர் பிளாஸ்டிக் ஹெலிகாப்டர் ஒட்ட உட்காருவார்.

பாகங்கள் எல்லாம் தனித்தனியாகப் பெட்டியில் வரும். வெட்டி எடுத்து, பிசிறைத் தேய்த்து, ஒட்டி, பெயின்ட் அடிக்க வேண்டும். கடைசியாகச் செய்தது முழங்கை நீளத்துக்கு ஒரு மீட்பு ஹெலிகாப்டர், ஆரஞ்சும் வெள்ளையுமாக. உள்ளே இருக்கும் பைலட்டுக்கு மெல்லிய செம்புக் கம்பியில் மூக்குக்கண்ணாடிகூட மாட்டியிருந்தார். "பைலட்டுக்குக் கண்ணு கெடாதா? கெட்டா நம்ம கடைக்குத்தான் வரணும்," என்பார். இந்த ஒட்டு வேலையால் நஷ்டம் எனக்குத்தான். துணி காயப்போடும் கிளிப் ஒன்றுகூட மாடிக் கொடியில் தங்காது. ஒட்டிய பாகத்தை அசையாமல் பிடித்துக்கொள்ள எல்லாம் அவருடைய மேஜை டிராயருக்குப் போய்விடும். காற்றடித்தால் என் புடவை பக்கத்து வீட்டில் கிடக்கும்.

முன்பெல்லாம் இஸ்திரி போடும் மேஜையில்தான் ஒட்டுவார். அதுவும் யாராவது சட்டையோடு வந்து நிற்கும்வரைதான். சாப்பாட்டு மேஜைக்கு மாறினால், "உன் பொம்மையை எடு, பசிக்குது," என்று ஒரு குரல் வரும். அண்ணியின் மகள் வேலை கிடைத்து வெளியூர் போனதும் பின்னறை காலியானது. மறுநாளே அண்ணி தன் மேஜையை அங்கே இழுத்துப் போட்டுக் கதவைச் சாத்தினார். கல்யாணமாகி வந்ததிலிருந்து தனக்கென்று அவர் சாத்திய முதல் கதவு அதுதான். மாடியில் இருக்கும் எனக்கு அந்தச் சத்தம் கேட்டு அப்படி ஒரு சந்தோஷம்.

பெரியண்ணனுக்குப் பொறுக்குமா? அவருக்குக் குழாயும் வாஷ்பேசினும் விற்கிற கடை. கடையில் இடம் போதவில்லை. "உன் பின்னறை சும்மாதானே கிடக்கு?" என்று தம்பியிடம் கேட்டிருக்கிறார். சின்னண்ணனும் தலையை ஆட்டிவிட்டு வந்திருக்கிறார். அண்ணனுக்கு முன்னால் அந்தத் தலைக்கு வேறு விதமாக ஆடத் தெரியாது. ஒரு பெண் உட்கார்ந்து தனக்குப் பிடித்ததைச் செய்கிற அறை இவர்கள் கணக்கில் சும்மா கிடக்கிற அறை! எனக்குக் கோபம் தலைக்கேறியது. அண்ணி மட்டும், "வரட்டும், பார்த்துக்கலாம்," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பெரியண்ணன் அளவு டேப்போடு வந்து நேராகப் பின்னறைக்குள் போனார். அண்ணி வெளியே குழாயடியில் பிரஷ் கழுவிக்கொண்டிருந்தார். உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம். நானும் அண்ணியும் ஓடினோம். பெரியண்ணன் கையில் ஹெலிகாப்டரின் மேல் இறக்கை ஒன்று இருந்தது.

"எல்லாம் வெயில்ல வளைஞ்சு தொங்கிப்போச்சும்மா. நிமிர்த்தி விடலாமேன்னு பார்த்தேன். ஒண்ணு கையோட வந்துடுச்சு."

அந்த வளைவுக்காக அண்ணி ஒவ்வொரு இறக்கையையும் சுடுதண்ணீரில் முக்கி முக்கி வளைத்ததை நான் கூட இருந்து பார்த்தவள். வாயைத் திறந்தேன். அண்ணி கையமர்த்தினார். முகம் மட்டும் சிவந்திருந்தது.

"அது தொங்கத்தான் வேணும் மாமா. சும்மா நிக்கிற ஹெலிகாப்டருக்கு இறக்கை தொங்கும். சுத்துனாதான் நிமிரும்."

"சரி விடும்மா, புதுசு வாங்கித் தர்றேன். எப்படியும் இதையெல்லாம் காலி பண்ணணும். லாரி வந்துட்டிருக்கு."

"முதல்ல உடைச்சதை ஒட்டணும். உக்காருங்க."

பெரியண்ணன் கைக்கு எதையாவது பழுது பார்க்காமல் இருக்க முடியாது. உட்கார்ந்தார். அண்ணி பசையைத் தடவி, இறக்கையைச் சரியான சாய்வில் வைத்து, அவர் விரல்களை எடுத்து அதன்மேல் பொருத்தினார்.

"இப்படியே பிடிங்க. இந்தப் பசை பிளாஸ்டிக்கை உருக்கித்தான் ஒட்டும். இறுகறதுக்குள்ள அசைஞ்சா மறுபடி உடைஞ்சுடும்."

"எவ்வளவு நேரம்மா?"

"காயற வரைக்கும்."

ஊரையே விரலசைத்து வேலை வாங்குகிறவர் அந்த விரலை அசைக்க முடியாமல் உட்கார்ந்திருந்தார். "மூக்கு அரிக்குதும்மா," என்றார். "அரிக்கட்டும் மாமா," என்றார் அண்ணி. வேறு வழியில்லாமல் ஹெலிகாப்டருக்குள் எட்டிப் பார்த்தார். "என்னது, இவன் கண்ணாடி போட்டிருக்கான்?" என்று சிரித்தார். அப்போது மேஜைமேல் இருந்த அவருடைய போன் அடித்தது.

"லாரிக்காரன்தான். எடும்மா. பின்பக்கமா வரச் சொல்லு."

அண்ணி எடுத்தார். "இங்க இடம் இல்லைங்க. சரக்கைக் கடைக்கே கொண்டு போங்க... சார் வேலையா இருக்காரு. ரூம் என்னோடது, நான்தான் சொல்றேன்."

போனை வைத்துவிட்டார். பெரியண்ணன் பாதி எழுந்து, இறக்கை நடுங்கவும் அப்படியே நின்றார்.

"என்னம்மா இது? தம்பி சரின்னு சொன்னானே!"

"அவரைக் கேட்டீங்க. என்னை யாரும் கேக்கலையே."

சத்தம் கேட்டு வந்த சின்னண்ணன் அறை வாசலில் நின்றிருந்தார். பெரியண்ணன் அவரைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அந்தத் தலை இந்த முறை ஆடவில்லை.

"இதை இப்படியே விட்டுட்டு நான் எழுந்து போனா என்ன பண்ணுவே?"

"விடுங்க மாமா. உடைஞ்சா மறுபடி ஒட்டுவேன். இதே ரூம்ல உக்காந்துதான் ஒட்டுவேன்."

பெரியண்ணன் அண்ணியை முறைத்தார். பிறகு மெல்ல உட்கார்ந்தார். விரலை எடுக்கவில்லை.

வெளியே பின்பக்கம் வந்த லாரி திரும்பிப் போகிற சத்தம் கேட்டது. நான் மேஜை ஓரமாக நின்றிருந்தேன். என் பக்கத்தில் டிராயர் பாதி திறந்திருந்தது. உள்ளே என் கிளிப்புகள் அத்தனையும் குவிந்து கிடந்தன. பெரியண்ணன் விரல் செய்கிற வேலைக்கு அதில் ஒன்றிரண்டு போதும். அண்ணி என்னைப் பார்த்தார்.

நான் இடுப்பால் டிராயரைத் தள்ளி மூடினேன்.