ஸ்ரீரங்கத்தில் ஒளித்து வைத்த பட்டறைப் பெட்டி

1963-ஆம் வருஷம், தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. திருச்சி பெரிய கடை வீதிக்குப் பக்கத்துச் சந்தில் என் கணவர் நகைப் பட்டறை வைத்திருந்தார். இனிப் பதினாலு காரட்டில்தான் புது நகை செய்யலாம் என்றார்கள். அந்தத் தங்கத்தில் தாலி செய்துகொள்ள யார் வருவார்கள்? உலையில் நெருப்பு மூட்டாமலே நாட்கள் போயின.

எங்கள் தொழில்காரர்கள் அங்கங்கே உயிரை விட்டதாகப் பேப்பரில் செய்தி வந்துகொண்டிருந்தது. அவர் கண்ணில் படுவதற்குள் அந்தத் தாளை அடுப்பில் போட்டுவிடுவேன். பட்டறைச் சாமான்களில் ஆபத்தானவையும் உண்டு. அதனால் ஒரு நாள், பார்க்க வந்த என் அண்ணனிடம் பெட்டியையே கொடுத்து, ஸ்ரீரங்கத்தில் அவன் வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டேன். என் கணவருக்கும் அப்படி நினைப்பு வருகிறதா என்று வாய் திறந்து கேட்கத்தான் தைரியம் வரவில்லை.

ஒரு காலையில், "பெட்டி எங்கே?" என்றார்.

"தெரியலைங்க" என்றேன்.

சட்டையை மாட்டிக்கொண்டு, எங்கே என்று சொல்லாமல் போய்விட்டார்.

பகல் சாப்பாட்டுக்கும் வரவில்லை. காந்தி மார்க்கெட்டுக்கே தனியாகப் போகாதவள் நான். பெட்டியைத் தேடி அங்கேதான் போயிருப்பார் என்று ஸ்ரீரங்கம் பஸ்ஸில் ஏறிவிட்டேன். காவிரிப் பாலம் தாண்டும்வரை கண்ணைத் திறக்கவில்லை.

அண்ணி வாசலிலேயே சிரித்தாள். "என்ன, ஒரு பொழுதுகூடப் பிரிஞ்சிருக்க முடியலையா? அவர் பெட்டியை எடுத்துக்கிட்டு அப்பவே போயிட்டாரே!"

"எங்கே போனாரு அண்ணி?"

"எதிர்வீட்டுக்குத்தான். குழந்தைக்குக் காது குத்தறாங்க, ஆள் அனுப்பிக் கூப்பிட்டாங்களாம். ஏன் உனக்கு இப்படி வேர்க்குது?"

எதிர்வீட்டுக் கூடத்தில் ஒரு குழந்தை வீறிட்டது. "ஆச்சுடா கண்ணு, ஆச்சு!" என்று கொஞ்சியது அவர் குரல்தான். அங்கேயே தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து அழுதேன். குழந்தைக்காக அழுகிறேன் என்று நினைத்து, அந்த வீட்டார் எனக்கும் சர்க்கரை கொடுத்தார்கள்.

திரும்பும்போது பஸ் நிறுத்தத்தில், "ஏங்க சொல்லாம வந்தீங்க?" என்றேன்.

"அட்டிகை செஞ்ச கை. காது குத்தப் போறேன்னு உங்கிட்டச் சொல்ல வெட்கமா இருந்துச்சு. பெட்டி இருக்கிற இடம் மட்டும் எனக்குத் தெரியாதாக்கும்? நீ எதை ஒளிச்சாலும் உங்க அண்ணன் வீட்டுலதானே ஒளிப்பே!"

சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்போடுதான் முதல் தடவையாகக் கேட்டேன். "உங்களுக்கும் அந்த நினைப்பு வந்துச்சாங்க?"

எங்கள் பஸ் வந்தது. நாங்கள் ஏறவில்லை.

"வந்துச்சு" என்றார். "இன்னிக்கு வரலை."

"இனிமே வந்தா எங்கிட்டச் சொல்லிடணும்."

தலையை ஆட்டினார். அன்றுதான் பல வாரங்களுக்குப் பிறகு இருவரும் நன்றாகத் தூங்கினோம். சில வருஷத்தில் சட்டம் தளர்ந்தது, வேலையும் வந்தது. இப்போதும் யார் முகமாவது அப்படி வாடியிருந்தால், என் கூச்சத்தை விட்டுவிட்டுப் பக்கத்தில் போய் உட்கார்ந்து கேட்டுவிடுகிறேன். கேட்டதால் ஒருவரும் கெட்டுப்போவதில்லை என்பதை அந்தப் பஸ் நிறுத்தத்தில்தான் தெரிந்துகொண்டேன்.